சிறிய குடும்பத் தோட்டத்து ஸ்பார்க்ளிங் வைன்: லண்டனிலிருந்து கொண்டு வரலாமா, இங்கேயே பெயர் தெரிந்ததை வாங்கலாமா?

காலிவீதி எழுதியது:

வணக்கம். அடுத்த மாதம் தங்கையின் கல்யாணம். கொட்டாஞ்சேனை சென்ட் லூசியாஸில் பூசை, மாலை வெள்ளவத்தையில் வரவேற்பு. கேக் வெட்டியதும் மணமக்களை வாழ்த்திக் கிளாஸ் உயர்த்தும் டோஸ்ட் உண்டு. அதற்குத்தான் இந்தக் கேள்வி.

பெரியப்பாவின் மகள் குரொய்டனிலிருந்து வருகிறாள். சசெக்ஸ் பக்கம் தாயும் மகனுமாக ஒரு குடும்பம் நடத்துகிற சிறிய திராட்சைத் தோட்டம் இருக்கிறதாம். அங்கே செய்த ஸ்பார்க்ளிங் (குமிழி) வைன் ஆறு போத்தல் கொண்டு வரட்டுமா என்று கேட்கிறாள். அப்பாவுக்கு மனமில்லை. "ஊர் பேர் தெரியாத போத்தலை மேசையில் வைத்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? காசு போனாலும் பரவாயில்லை, எல்லோருக்கும் தெரிந்த ஷாம்பெயினாக இங்கேயே வாங்கு" என்கிறார்.

சிறிய தோட்டத்து வைன் பெரிய கம்பனி வைனுக்கு ஈடாகுமா? விமானத்தில் பையில் வைத்தால் வெடிக்குமா? கொழும்பு வெக்கையில் கல்யாணம் வரை எங்கே வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நியாயவிலை எழுதியது:

இறக்குமதி வைனுக்கு இங்கே வரிமேல் வரி. பெயர் தெரிந்த ஷாம்பெயினுக்குக் கொடுக்கிற காசில் பெரிய பங்கு வரிக்கே போகும். ஒரு மிடறு டோஸ்ட்டுக்கு அவ்வளவு தேவையா என்று வீட்டில் ஒருமுறை பேசிப் பாருங்கள். நல்ல மாற்று இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

மழைநாடு எழுதியது:

நான் பிறந்தது வெள்ளவத்தை, இப்போது இருப்பது சசெக்ஸில். ஒக்டோபரில் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு அறுவடைக்குப் போவது வழக்கம். கூலியாட்கள் வைக்க வசதியில்லாத குடும்பங்கள் ஊராரையும் நண்பர்களையும் கூப்பிடுவார்கள். மத்தியானம் எல்லோருக்கும் ஒரே மேசையில் சாப்பாடு, போகும்போது கையில் ஒரு போத்தல். அதனால் கிட்ட நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் மண். தெற்கு இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் குன்றுகள் வெண்சுண்ணாம்பு. வட பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் பல கொடிகள் வேர் விட்டிருப்பதும் அதே யுகத்துச் சுண்ணாம்பில்தான். இங்கே பெரும்பாலும் நடுவதும் அங்கே உள்ள அதே மூன்று திராட்சை: ஷார்டனே, பினோ நுவார், மூனியே. செய்முறையும் அதுவே. கொத்தைக் கையால் வெட்டி, காம்போடு மெதுவாகப் பிழிந்து, முதலில் சாதாரண வெள்ளை வைன் ஆக்குவார்கள். அந்த நிலையில் அது பல்லைக் கூசவைக்கும் புளிப்பு. வசந்த காலத்தில் அதைப் போத்தலில் நிரப்பி, லீற்றருக்கு ஏறக்குறைய 24 கிராம் சீனியும் ஈஸ்டும் சேர்த்து, சோடாப் போத்தலுக்குப் போடும் தகர மூடியால் அடைப்பார்கள். உள்ளே இரண்டாவது முறை நொதிக்கும். வெளியேற வழியில்லாத காபனீரொட்சைட்டு வைனிலேயே கரைந்துவிடும். குமிழி வருவது இப்படித்தான்.

அப்புறம் காத்திருப்பு. செத்த ஈஸ்ட் அடியில் மண்டியாகப் படிந்து கிடக்கக் கிடக்கத்தான் சுடச்சுட பாண் வாசமும் வறுத்த கஜு வாசமும் ஏறுகின்றன. ஷாம்பெயின் சட்டப்படி வருடம் போடாத போத்தல் குறைந்தது 15 மாதம் நிலவறையில் இருக்க வேண்டும், அதில் 12 மாதம் மண்டியோடு. அறுவடை வருடம் போட்டதென்றால் 3 வருடம். அக்கறையுள்ள சின்னக் குடும்பங்கள் பல இதையும் தாண்டி வைத்திருக்கின்றன. கடன் வாங்கித் தோட்டம் போட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசியுங்கள். நட்ட கொடி ஒழுங்காகக் காய்க்கவே மூன்று வருடமாகும். பிழிந்த சாறு காசாக இன்னும் மூன்று, நான்கு வருடம்.

பெரிய கம்பனிகள் நூற்றுக்கணக்கான விவசாயிகளிடம் திராட்சை வாங்கும். பழைய வருட வைன்களைச் சேமித்து வைத்துக் கலக்கும். எப்போது திறந்தாலும் அதே சுவை. அது சாதாரண திறமையல்ல, நான் குறை சொல்லவில்லை. ஆனால் குடும்பத்துக்கு இருப்பது ஒரு சரிவு, சில ஏக்கர். 2017 ஏப்ரல் கடைசியில் இங்கே உறைபனி விழுந்து பல தோட்டங்களில் தளிர் கருகியது. வரிசைகளுக்கு நடுவே மெழுகு வாளிகளைக் கொளுத்தி இரவிரவாகக் காவல் இருந்தார்கள். அடுத்த வருடம் 2018 இல் வெயிலும் விளைச்சலும் வாரிக் கொட்டின. இந்த இரண்டு வருடங்களும் அந்தக் குடும்பத்தின் போத்தலில் தனித்தனியாகத் தெரியும், மறைக்க அவர்களிடம் வேறு வைன் இல்லை. நான் இந்த வைனைத் தேடிப் போவதற்குக் காரணம் இதுதான்.

ஒன்று மட்டும் விசாரிக்கச் சொல்லுங்கள். இங்கே பல குடும்பங்கள் தோட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, வைன் செய்வதை வசதியுள்ள வேறிடத்தில் கூலிக்குக் கொடுக்கின்றன. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் யார் செய்தார்கள் என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

கொட்டாஞ்சேனை_பழையபார் எழுதியது:

தம்பி, ஹோட்டல் பாரில் ஆயுளில் பாதியைக் கழித்தவன் நான். போத்தலின் முன் லேபலை அப்பா பார்க்கட்டும், நீங்கள் பின் லேபலைப் பாருங்கள்.

ஷாம்பெயின் போத்தல் ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் ஒரு பதிவு இலக்கம் இருக்கும், அதற்கு முன்னால் இரண்டு எழுத்து. ஆர்.எம். என்றிருந்தால் தன் தோட்டத்துத் திராட்சையில் தானே செய்தவர். வெளியிலிருந்து அவர் வாங்கக்கூடியது 5 வீதம் மட்டும். என்.எம். என்றால் திராட்சை வாங்கிச் செய்யும் கம்பனி. உலகம் முழுக்கப் பெயர் தெரிந்தவை பெரும்பாலும் இந்த வகை. சி.எம். கூட்டுறவுச் சங்கம். இந்த ஆர்.சி. என்பதில்தான் கவனம் வேண்டும். விவசாயி தன் திராட்சையைக் கூட்டுறவில் கொடுத்து, அங்கே செய்த போத்தலைத் தன் பெயரில் வாங்கி விற்பது அது. முன்னால் குடும்பப் பெயரும் பழைய வீட்டின் படமும் இருக்கும், ஆனால் கை வேறு.

ஆகவே சின்னது என்பதாலேயே நல்லது என்று நினைக்க வேண்டாம். ஷாம்பெயின் பகுதி ஊர்களான அவீஸில் செலோஸ், அம்போனேயில் எக்லி-உரியே, வெர்ச்சூவில் லார்மாந்தியே-பெர்னியே போன்ற குடும்பங்கள் தங்கள் கொடிகளைக் கவனித்த விதத்தால்தான் பெரிய கம்பனிகளுக்குச் சமமாக நிற்கின்றன. எக்லி-உரியே பின் லேபலில் எத்தனை மாதம் மண்டியில் கிடந்தது, எப்போது மண்டி நீக்கினார்கள் என்று அச்சிட்டிருப்பார்கள். மண்டி நீக்கிய தேதியைத்தான் நான் எப்போதும் முதலில் தேடுவேன். அந்த நாளிலிருந்துதான் வைன் தக்கையை நம்பி வாழத் தொடங்குகிறது.

இனி வெக்கை. நான் வேலை செய்த ஓரிடத்தில் விலை உயர்ந்த பெட்டிகளைக் குசினிக்குப் பின்னால் காற்றோட்டமில்லாத ஸ்டோரில் அடுக்கியிருந்தார்கள். பெரிய விருந்தொன்றுக்குத் திறந்தபோது நிறம் பழுத்து, குமிழி சோர்ந்து, அவித்த அப்பிள் வாசம். லேபலில் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. கொழும்பில் பகல் வெப்பம் 30 பாகை, வைன் கேட்பது 10, 12 பாகை. கப்பல், துறைமுகம், களஞ்சியம், கடை என்று ஒவ்வொரு இடத்திலும் அது எவ்வளவு காலம் நின்றது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. வெளிச்சமும் கெடுக்கும். நிறமில்லாத போத்தல் டியூப் லைட்டுக்குக் கீழே மாதக்கணக்கில் நின்றால் அவித்த கோவா வாசம் வரும்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: எந்தப் போத்தல் குறைந்த நாட்கள் வெக்கையில் நின்றதோ அதைத் திறவுங்கள். பெரியப்பா மகள் கையால் கொண்டு வருவது அந்தக் கணக்கில் கடைப் போத்தலை வெல்லும்.

காலிவீதி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. லேபலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டு எழுத்து எதுவும் இல்லை. அறுவடை 2018. மூன்று திராட்சையும் சேர்ந்தது. மண்டி நீக்கியது போன வருடம். பிறகு "லீற்றருக்கு 6 கிராம்" என்று ஒரு குறிப்பு. அது என்ன?

மழைநாடு எழுதியது:

அந்த இரண்டு எழுத்து ஷாம்பெயினுக்கு மட்டும் உரிய முறை, இங்கிலாந்துப் போத்தலில் இருக்காது. அதற்குப் பதிலாக, தோட்டத்திலேயே வளர்த்துச் செய்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

2018 அறுவடை, போன வருடம்தான் மண்டி நீக்கியது என்றால் அவ்வளவு வருடமும் மண்டியோடு உறங்கியிருக்கிறது. சின்னக் குடும்பத்திடமிருந்து இப்படி ஒரு போத்தல் கிடைப்பது பாக்கியம். 6 கிராம் என்பது கடைசியில் தக்கை போடுமுன் சேர்த்த இனிப்பின் அளவு. 12 கிராமுக்குக் குறைந்தால் லேபலில் புரூட், 6 வரை எக்ஸ்ட்ரா புரூட் என்றும் போடலாம். எக்ஸ்ட்ரா டிரை (மிகவும் இனிப்பற்றது) என்று பெயர் வைத்தது 12 முதல் 17, அதாவது புரூட்டைவிட இனிப்பு. கடையில் பலர் இதில் ஏமாறுகிறார்கள். டெமி-செக் 32 முதல் 50.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். 2015 இல் ஷாம்பெயினின் பெரிய கம்பனியான தைத்தாஞ்சே இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் நிலம் வாங்கி, 2017 இல் திராட்சை நட்டது. அதற்கு முன்பே, 1995 இல் சசெக்ஸில் ஒரு குடும்பம் தொடங்கிய ரிட்ஜ்வியூவின் வைன் 2010 இல் டிகாண்டர் சஞ்சிகையின் உலகப் போட்டியில் சிறந்த ஸ்பார்க்ளிங் என்று பரிசு வாங்கியது, ஷாம்பெயின்களையும் தாண்டி. சசெக்ஸ் என்ற பெயருக்கே 2022 இல் சட்டப் பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது.

தெஹிவளை_டீச்சர் எழுதியது:

விமானக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், வகுப்பில் பிள்ளைகளும் கேட்பதுண்டு.

20 பாகையில் போத்தலுக்குள் ஏறக்குறைய 6 வளிமண்டல அமுக்கம். பயணிகள் விமானத்தின் பொதிக் கூடமும் பயணிகள் இருக்கும் பகுதியைப் போல அமுக்கம் ஏற்றப்பட்டதுதான். மேலே போகும்போது அங்கே முக்கால் வளிமண்டல அளவுக்குக் குறையும். அதாவது தக்கைக்கு மேலதிகமாக வரும் சுமை கால் வளிமண்டலம். ஆறு தாங்குகிற போத்தலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உடைந்தால் பொதியைத் தூக்கிப் போடுவதால்தான் உடையும். துணியால் சுற்றி, பெட்டியின் நடுவில், ஒன்றோடொன்று முட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். கைப்பையில் விடுவார்களா என்பது விமான நிலையத்தைப் பொறுத்தது.

பயப்பட வேண்டியது வெப்பத்துக்குத்தான். சூடு கூடக் கூட வாயு கரைந்திருக்க மறுக்கும், அமுக்கம் ஏறும். கட்டுநாயக்காவிலிருந்து வரும் வழியில் காரை வெயிலில் விட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மூடிய கார் எவ்வளவு சூடேறும் என்று நமக்குத் தெரியும்.

24 வீதத்துக்கு உட்பட்ட மதுவுக்கு விமானப் பாதுகாப்பு விதியில் அளவுத் தடை இல்லை. சுங்கம் வேறு கணக்கு. தீர்வையில்லாமல் ஒருவருக்கு எவ்வளவு என்று வருமுன் சுங்கத் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்த்து, கூட வருகிறவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கட்டும்.

இன்னொன்று, இதுவும் அப்பாவுக்கு. வைனில் சீனி சேர்த்துக் குமிழி வரவைக்கும் முறையை 1662 இல் லண்டன் ரோயல் சொசைட்டியில் எழுதிப் படித்தவர் கிறிஸ்டோபர் மெரெட். ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் என்று பலர் நம்பும் பிரெஞ்சுத் துறவி டொம் பெரிஞ்ஞோன் ஓவில்லியே மடத்துக்கு வந்தது 1668 இல். நிலக்கரி அடுப்பில் உருக்கிய தடித்த இங்கிலாந்துக் கண்ணாடி இருந்ததால்தான் இந்த அமுக்கத்தைத் தாங்க முடிந்தது. இங்கிலாந்து இதற்குப் புதிதல்ல.

நியாயவிலை எழுதியது:

ஆறு போத்தல் தலைமேசைக்குப் போதும். ஒரு போத்தலில் ஆறு கிளாஸ், டோஸ்ட்டுக்கு மட்டும் என்றால் எட்டும் ஊற்றலாம். மண்டபம் முழுக்க நிற்கிறவர்களுக்கு? அதற்குத்தான் நான் சொல்ல வந்த மாற்று.

ஸ்பெயினின் காவாவும் போத்தலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிப்பதுதான், குறைந்தது 9 மாதம். ரிசர்வா என்றால் 18, கிரான் ரிசர்வா 30. பிரான்சிலேயே ஷாம்பெயினுக்கு வெளியே செய்யும் கிரெமானும் கையால் வெட்டி இதே முறையில் செய்வது. இத்தாலியின் புரொசெக்கோ பெரும்பாலும் பெரிய தாங்கியில் நொதிக்கவைத்துப் போத்தலில் அடைப்பது. பழ வாசம் நன்றாக இருக்கும், பாண் வாசத்தை அதில் தேடக்கூடாது.

காவாவில் பெரிய கம்பனிகளின் ஆட்சி அதிகம். தரத்துக்காக அதோடு ஒத்துப்போக முடியாத சில வைன் வீடுகள் 2019 இல் அந்தப் பெயரையே விட்டு விலகி, கோர்ப்பின்னாட் என்று தனியாக நிற்கின்றன. இயற்கை விவசாயம், கையால் அறுவடை, குறைந்தது 18 மாதம் என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். அதிலொன்றான ரெக்காரேதோ 1924 முதல் ஒரு குடும்பத்தின் கையில். இன்றும் மற்றவர்களைப் போலப் போத்தலின் கழுத்தை உறையவைத்து மண்டியை எடுக்காமல், ஒவ்வொரு போத்தலாகக் கையால் திறந்து மண்டியை வெளியேற்றுகிறார்கள், இனிப்பு துளியும் சேர்ப்பதில்லை. விற்றுக் காசாக்கத் தெரிந்த பெயரைக் கைவிட எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! எனக்கு அந்தக் குடும்பத்தின்மேல் பெரிய மரியாதை.

பம்பலப்பிட்டி_குசினி எழுதியது:

எல்லோரும் வைனைப் பற்றியே பேசுகிறீர்கள், கேக்கை மறந்துவிட்டீர்கள். நம் கல்யாணக் கேக் சீனியும் கஜுவும் ரவையும் வற்றிய பழங்களும் நிறைந்தது. அதை ஒரு வாய் சாப்பிட்டு 6 கிராம் இனிப்புள்ள வைனைக் குடித்தால் எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி இருக்கும். சம்பந்தி வீட்டார் வைனைத்தான் குறை சொல்வார்கள். முதலில் டோஸ்ட், பிறகு கேக் என்று நிகழ்ச்சி நடத்துகிறவரிடம் சொல்லிவையுங்கள். கேக்கோடுதான் வேண்டுமென்றால் டெமி-செக் தேடுங்கள்.

இந்த வைனுக்குப் பொருத்தம் உப்பும் எண்ணெயும். மீன் கட்லட், ரோல்ஸ், இறால் வடை, உப்புப் போட்டு வறுத்த கஜு எல்லாம் அருமையாகப் போகும். எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பும் குமிழியும் சேர்ந்து துடைத்துவிடும். வீட்டில் நான் பரிமாறிப் பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இடியப்பமும் தேசிக்காய் பிழிந்த பால் சொதியும். பாலின் கொழுப்பும் மெல்லிய புளிப்பும் இந்த வைனுக்காகவே சமைத்தது போல. நண்டுக் கறி, உறைப்புக் கூடிய ஆட்டிறைச்சிப் பிரட்டல் பக்கம் கொண்டுபோக வேண்டாம். குமிழியும் அல்கஹோலும் சேர்ந்து உறைப்பை நெருப்பாக்கும்.

காலிவீதி எழுதியது:

டோஸ்ட்டை முன்னுக்குப் போட அம்மாவும் சம்மதம். அப்பா 2010 பரிசுக் கதையை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். வீட்டில் குடிக்காத பெரியவர்கள் நிறைய. அவர்களுக்கும் கையில் ஒரு கிளாஸ் கொடுக்க வேண்டும், வெறும் சோடா கொடுக்க மனம் வரவில்லை.

தெஹிவளை_டீச்சர் எழுதியது:

தோலகட்டி ஆசிரமத்து நெல்லி ரசமோ முந்திரிகை (திராட்சை) ரசமோ யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்குங்கள். குளிர்ந்த சோடாவில் கலந்து அதே உயரக் கிளாஸில் கொடுத்தால் பெரியவர்களும் சேர்ந்து உயர்த்தலாம். அதுவும் துறவிகள் கைப்படச் செய்வதுதான்.

கொட்டாஞ்சேனை_பழையபார் எழுதியது:

மண்டபத்தாரிடம் வெளியிலிருந்து மது கொண்டுவர விடுவார்களா, போத்தலுக்கு எவ்வளவு கட்டணம் என்று இப்போதே கேளுங்கள். மற்றவர்களுக்கு இங்கே வாங்குவதானால் போயா நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அன்று வைன் ஸ்டோர்ஸ் எல்லாம் பூட்டு.

வீட்டுக்கு வந்ததும் போத்தல்களை பிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்கவையுங்கள். சில வாரங்களுக்கு அது போதும். வெளியே எடுத்து, திரும்ப உள்ளே வைத்து என்று அலைக்கழிக்க வேண்டாம். மண்டபத்துக்கு ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். பரிமாறுமுன் பாதி ஐஸ், பாதி தண்ணீர் உள்ள வாளியில் அரைமணி நேரம். தனி ஐஸ் வேண்டாம், தண்ணீர்தான் போத்தலை முழுவதும் தொடும். கிளாஸில் 8 முதல் 10 பாகை இருந்தால் சரி.

திறக்கிறவருக்குச் சொல்லிக்கொடுங்கள். கம்பியை ஆறு அரைச் சுற்றில் தளர்த்தலாம், ஆனால் அந்த நேரம் முதல் கட்டைவிரல் தக்கையை விட்டு விலகவே கூடாது. போத்தலைச் சாய்த்து, தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். சத்தம் போடவைத்துத் தெறிக்க விடுவது வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வை போகும், அந்தக் குடும்பம் இத்தனை வருடம் காத்த குமிழியும் தரையில் போகும்.

பம்பலப்பிட்டி_குசினி எழுதியது:

மிஞ்சினால் கொட்டாதீர்கள். கரண்டியைக் கழுத்தில் போட்டால் குமிழி நிற்கும் என்பது வெறும் நம்பிக்கை. கழுத்தைக் கவ்விப் பிடிக்கும் ஸ்டொப்பர் ஒன்று வாங்கி, மூடி பிரிட்ஜில் நிறுத்திவைத்தால் அடுத்த நாளும் நன்றாக இருக்கும். குமிழி போனதென்றால் இறாலை வெண்ணெயில் வதக்கி இறக்குமுன் அரைக் கிளாஸ் ஊற்றி வற்றவிடுங்கள்.